தொட்டா கடிக்கும்

பதினோரு வருடங்களுக்குப் பிறகு என் அக்காவிடமிருந்து எனக்கு வந்த முதல் மெயில், பத்தே நாளில் தொப்பையைக் குறைக்க வழி சொன்னது. கீழே ஒரு இணைப்பு, அதை அமுக்கச் சொல்லி மூன்று ஆச்சரியக்குறிகள். அக்கா தன் வாழ்நாளில் ஒரு ஆச்சரியக்குறி போட்டவள் இல்லை. பார்த்தவுடனே விஷயம் விளங்கிவிட்டது. திறக்கக் கூடாத எதையோ திறந்திருக்கிறாள், கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, அவளுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அவள் பெயரில் அது குப்பையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வதுதான் என் பிழைப்பு.

வாய்விட்டுச் சிரித்தேன். என்ன என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம், "ஒருத்திக்கு நேரம் சரியில்ல" என்று மட்டும் சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. என் முகத்தில் அந்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்தால் தள்ளி நிற்பது உத்தமம் என்று அவருக்குப் பழக்கம்.

மூன்றாம் நாள் நான் வேலை பார்க்கும் ரிப்பேர் கடைக்கு போன் வந்தது. முதலாளி சீட்டில் எழுதி மேஜைமேல் வைத்தார். மாடி வீடு, மெஷின் ஸ்லோ, மெயில் வருவதில்லை, இன்றைக்கே பார்க்க வேண்டும். விலாசத்தை நான் முழுதாகப் படிக்கத் தேவையிருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த வீடு அது. கடையில் இருந்த இன்னொரு மெக்கானிக், தான் அந்தப் பக்கம்தான் போவதாகச் சொல்லிக் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

போகும் வழியெல்லாம் கணக்காகத் திட்டம் போட்டேன். எங்கள் தொழிலில் ஒருத்தரைக் கவிழ்க்க வேண்டுமானால் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, எதையும் காப்பாத்த முடியல" என்று உதட்டைப் பிதுக்கினால் போதும். இருபது வருடப் போட்டோ, எழுத்து, எல்லாம் ஒரு நிமிடத்தில் இல்லாமல் போகும். நம்மைத் திருப்பிக் கேட்க ஆளே கிடையாது.

என் கோபத்துக்கு என்ன காரணம் என்று சொல்லிவிடுகிறேன். நான் கட்டிக்கொண்டவரை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டைவிட்டு வந்து ஒரு விடுதியில் தங்கினேன். பதிவு அலுவலகத்தில் கல்யாணம், என் பக்கம் கையெழுத்துப் போட என் வீட்டு ஆள் ஒருவராவது வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அக்கா வந்தால் போதும். வீட்டு போனை எப்போதும் அப்பாதான் எடுப்பார். அக்காவிடம் செல்போன் இல்லை, அப்பா வேண்டாம் என்றார், அவளும் சரி என்றுவிட்டாள். சொன்ன சொல் தட்டாத பெண் என்று ஊரே மெச்சிய ஆள். எனக்கு இருந்த ஒரே வழி மெயில். ஒரே வாரத்தில் மூன்று போட்டேன். பதில் இல்லை.

சரி, பதில் போடப் பயந்தாலும் நேரே வந்துவிடுவாள் என்று நம்பினேன். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை அந்த அலுவலக வாசலில் நின்றேன். படியேறி வரும் ஒவ்வொரு தலையையும் எட்டி எட்டிப் பார்த்தேன். அலுவலர் சாப்பிடப் போக எழுந்துவிட்டார். கடைசியில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கம் கையெழுத்துப் போட்டார். என் பெயரை எப்படி எழுதுவது என்று அவர் என்னையே கேட்டார்.

அன்றைக்கே அக்காவைத் தலைமுழுகினேன். சும்மா விட்டுவிடவும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் எதிர்வீட்டு அம்மாள் கடைக்கு போன் செய்து, அப்பா காலமாகிவிட்டார், உன் அக்கா உனக்காகக் காத்திருக்கிறாள் என்று சொன்னபோது, சரி என்று போனை வைத்துவிட்டு ஒரு பிரிண்டரைக் கழற்றப் போனேன். சாயங்காலம் வரை எனக்காக எடுக்காமல் வைத்திருந்தார்களாம். அக்கா மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தாளாம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு இனித்தது. அதை மறைக்க மாட்டேன். வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. கண்ணாடி தடித்திருந்தது. நான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கடைலேருந்து வர்றேன் மேடம். கம்ப்யூட்டர் எங்க இருக்கு?" என்றேன்.

எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன. அவள் உதடு அசைந்து நின்றது. பிறகு அவளும் தன்னைச் சுதாரித்துக்கொண்டு, "வாங்க" என்றாள். அந்த 'ங்க' என் மேல் பட்டது. படட்டும் என்று உள்ளே போனேன்.

எங்கள் பழைய அறைதான். என் கட்டில் இருந்த இடத்தில் ஒரு மேஜை, அதன்மேல் அகராதிகள், மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் பொடி எழுத்துத் தாள்கள். அவள் மொழிபெயர்ப்பாளர். மாத்திரைக்கும் மிக்ஸிக்கும் குழந்தை வண்டிக்கும் வருகிற குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பாள். அப்பா படுத்த பிறகு வெளி வேலையை விட்டு வீட்டோடு இதைப் பிடித்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

என்ன பிரச்சினை என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். அவளும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். போன வாரம் கூரியர் ரசீது என்று ஒரு மெயில் வந்ததாம், திறந்தாளாம். அதிலிருந்து மெஷின் நொண்டுகிறது, எதைத் தேடினாலும் வேறு ஏதோ பக்கம் திறக்கிறது, ஊரில் இருப்பவர்களெல்லாம் போன் செய்து உன்னிடமிருந்து கண்ட கண்ட மெயில் வருகிறது என்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவளுக்கு வேலை கொடுக்கும் ஏஜென்சியிலிருந்து வரும் மெயில் மட்டும் ஒரு மாதமாக வந்து சேர்வதில்லை. புதிதாக ஒரு மேனேஜர் வந்திருக்கிறாராம், எல்லாவற்றுக்கும் தலைபோகிற அவசரமாம். ஏற்கெனவே இரண்டு வேலை அவளுக்குத் தெரியாமலே தவறிவிட்டது. மூன்றாவது இன்று காலை அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள், இரண்டு முறை மறுபடியும் அனுப்பியும் விட்டார்கள். ஐந்து மணிக்குள் முடித்துக் கொடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிடுவார்கள்.

"இது ஒண்ணுதான் எனக்கு இருக்கிற வேலை" என்றாள்.

மணி ஒன்றேகால். என் உள்ளம் குளிர்ந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வேலையை இழுத்தால் போதும். மெதுவாகச் செய்வது எங்கள் தொழிலில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத குற்றம். அன்றைக்கு நான் கடிகாரம் பார்த்தேன், இன்றைக்கு நீ பார்.

முதலில் இணைய வயரைப் பிடுங்கினேன். அது முறை, வைரஸ் மேற்கொண்டு வெளியே பேசாமல் இருக்க. எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆண்டிவைரஸை அந்த ரசீதே அணைத்து வைத்திருந்தது. மெஷின் விழிக்கும்போதே தானும் விழிக்கும்படி இரண்டு நிரல்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பிடுங்கி எறிய எனக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டு யோசிப்பதுபோல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தேன். என் பென் டிரைவிலிருந்து முழு ஸ்கேனை ஓட விட்டேன். அதில் சீக்கிரம் முடிகிற வகையும் உண்டு, இழுக்கிற வகையும் உண்டு. நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மணியானது. இரண்டேகால் ஆனது. அக்கா வாசல்படியில் நின்று சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு தரம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள்.

"சொல்ல முடியாது மேடம்."

"அந்த மெயில் மட்டும் கிடைச்சாக்கூடப் போதும்."

எனக்குள் இருந்தது சட்டென்று வெளியே வந்துவிட்டது. "மெயில் கிடைச்சா பதில் போடற பழக்கம் உண்டா மேடம் உங்களுக்கு?"

நான் தொடாத தண்ணீரை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள். "வந்தா போடுவேன். ஒரு வார்த்தை சொல்லாம போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க அதைக் கேக்கக் கூடாது. எதிர்வீட்டம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா. மூன்று மெயில். ஒன்று தவறியிருக்கலாம், இரண்டு தவறியிருக்கலாம், மூன்றுமா தவறும்? சரி, உன் பெட்டிக்குள்ளேயே அதைத் தேடி எடுத்து, நீ திறந்து படித்ததை உன் மூஞ்சிக்கு நேரே காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்கேனைச் சீக்கிரம் முடிகிற வகைக்கு மாற்றினேன். அது பதினைந்து நிமிடத்தில் ஒன்பது வைரஸ்களைப் பிடித்து ஒழித்தது. என் கைகளுக்கு இப்போது நல்ல வேகம் வந்துவிட்டது.

அவளைக் கூப்பிட்டு, என் செல்போனில் பாஸ்வேர்டை மாற்றச் செய்தேன். பழையதைத் திருடர்கள் வைத்திருப்பார்கள் இல்லையா. அவள் திரும்ப உள்ளே போனதும் இணைய வயரைச் செருகி, அவள் சொன்ன புது பாஸ்வேர்டில் பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தில் என் முகவரியைப் போட்டேன்.

மூன்றும் வந்தன. பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதிகள். மூன்றும் தடித்த எழுத்தில் இருந்தன.

தடித்த எழுத்து என்றால் யாரும் திறக்கவில்லை என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நூறு தடவை நான் பிறருக்குச் சொல்லும் பாடம் அது. அப்படியும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் படிக்கவே இல்லை. மெயில் அவள் கண்ணில் படவே இல்லை.

உடனே எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர்தான் ஏதோ செய்திருக்கிறார். நான் அனுப்புவது அக்காவுக்குத் தெரியாதபடி எங்கேயோ திருப்பிவிட்டிருக்கிறார். செத்துப்போன மனிதர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் பொங்கியது. நான் அவரை வழியனுப்ப வராததுகூட நியாயம்தான் என்று அந்த ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. யார் கைவரிசை என்று பார்க்க ஃபில்டர்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். இந்த மாதிரி வார்த்தை உள்ள மெயில் வந்தால் இந்த இடத்தில் போடு என்று பெட்டிக்குச் சொல்லி வைக்கும் உத்தரவுதான் ஃபில்டர்.

ஒரே ஒரு ஃபில்டர் இருந்தது. தலைப்பில் 'அர்ஜென்ட்' என்று இருந்தால், முன்னால் காட்டாதே, 'தொட்டா கடிக்கும்' என்ற ஃபோல்டரில் போடு.

தொட்டா கடிக்கும். அப்பாவுக்கு அப்படிப் பெயர் வைக்கத் தெரியாது. அந்த வீட்டில் அப்படிப் பெயர் வைக்கக் கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவளைத்தான் அக்கா குட்டிப்பிசாசு என்று கூப்பிடுவாள்.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அக்காவுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிய புதிது. 'அர்ஜென்ட்' என்ற தலைப்போடு வந்த ஒரு மெயிலைத் திறந்து அவள் மெஷினைப் படுக்க வைத்துவிட்டாள். அந்த நாளில் வந்த வைரஸ் குப்பையில் பாதிக்கு அதுதான் தலைப்பு. நான்தான் சரி செய்தேன், நான்தான் பெரிய மேதாவி மாதிரி இந்த ஃபில்டரைப் போட்டேன். இந்த ஃபோல்டரை உயிரே போனாலும் திறக்காதே, விரலை வைத்தால் மெஷின் காலி என்று மிரட்டி, அவள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அவள் பயந்துபோய்ச் சரி என்றாள். ரெண்டு பேரும் அந்தப் பெயரைச் சொல்லி அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு வருடம் கழித்து, அவசரத்தில் எதுவும் ஞாபகமில்லாமல், மூன்று மெயிலுக்கும் நான் 'அர்ஜென்ட்' என்றுதான் தலைப்புப் போட்டிருந்தேன்.

ஃபோல்டரைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் குப்பை, எல்லாம் தடித்த எழுத்தில். உச்சியில் ஏஜென்சியின் மெயில்கள், இன்று காலை வந்த மூன்றும் இந்த ஒரு மாதத்தில் தவறியவையும். புது மேனேஜர் ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'அர்ஜென்ட்' போட்டிருந்தார். பதின்மூன்று வருடத்தில் அவள் ஒரு முறைகூட இங்கே விரல் வைக்கவில்லை. சொன்ன சொல் தட்டாத பெண் என்று நான் காறித் துப்பிய அதே குணம். அப்பா சொல்லுக்கு மட்டும்தான் அவள் கட்டுப்படுவாள் என்று நான் நினைத்திருந்தேன்.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. என்னுடைய மூன்றையும் தேர்ந்தெடுத்தேன். நிரந்தரமாக அழிக்கவா என்று பெட்டி கேட்டது. அழித்துவிட்டால் தீர்ந்தது. ஏஜென்சி மெயிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, எல்லாம் வைரஸ் செய்த வேலை மேடம் என்று சொல்லிக் கிளம்பிவிடலாம். என் பதினோரு வருடக் கோபம் எனக்கு அப்படியே பத்திரமாக இருக்கும். அப்பாவை எடுக்காமல் வைத்திருந்த அந்தச் சாயங்காலத்துக்கும் நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. 'ஆம்' என்ற பொத்தான்மேல் விரல் நின்றது. உள்ளே அவள் ஏஜென்சிக்கு போன் செய்து, இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை.

'வேண்டாம்' என்பதை அமுக்கினேன்.

"அக்கா" என்று கூப்பிட்டேன். "அக்கா, இங்க வா."

போனை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து அவளை உட்கார வைத்தேன். உச்சியில் இருந்த ஏஜென்சி மெயிலைக் காட்டினேன். அவள் மூச்சு விட்டாள். பிறகு என்னுடைய மூன்றைக் காட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனாள். சுட்டியை ஃபோல்டரின் பெயர்வரை கொண்டுபோய் நிறுத்தினாள், அமுக்கவில்லை.

"இதை நீ தொடக் கூடாதுன்னு சொன்ன" என்றாள்.

"ஆமா."

"நான் தொடவே இல்ல."

"தெரியும்க்கா. இப்பத்தான் தெரிஞ்சுது."

முதல் மெயிலைத் திறந்தாள். அக்கா, வெள்ளிக்கிழமை பதினோரு மணி, நீ மட்டும் வந்தால் போதும், அப்பாவிடம் சொல்லாதே. இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் நான் கொஞ்சம் அழுது எழுதியிருந்தேன். உதடு அசைய அசைய எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தாள். நான் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"வந்திருப்பேன்" என்றாள். திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். "அப்பா கொன்னே போட்டிருந்தாலும் வந்திருப்பேன்."

அவள் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா போன அன்னிக்கு உனக்குத் தகவல் வந்துதா?"

இதற்கும் ஒரு பொய் கையிலேயே இருந்தது. கடையில் யாரும் சொல்லவில்லை என்றால் அவள் நம்பியிருப்பாள். நான் எது சொன்னாலும் நம்புகிறவள்தானே.

"வந்துது" என்றேன். "வேணும்னேதான் வரல. உன்னை வாசல்ல நிக்க வைக்கணும்னுதான் வரல."

அவள் முகத்தில் என்ன ஓடியது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அவள் திரும்பவும் மேஜைப் பக்கம் திரும்பி அகராதியை இழுத்து வைக்கும் சத்தம் வந்தது.

"மணி மூணேகால்" என்றாள். "அஞ்சுக்குள்ள இதை முடிக்கணும். நீ எங்கேயும் போகக் கூடாது. அஞ்சு மணிக்கு மேல உன்னை வெச்சுக்கறேன்."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடமாக நான் எனக்குள் பேசி வைத்திருந்த அதே குரல். இப்போது அது அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது, நியாயப்படி அவளுக்குச் சேர வேண்டியதுதான்.

கூடத்தில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். கடையிலிருந்து முதலாளி போன் செய்து, அடுத்த வீடு காத்திருக்கிறது என்றார். வர முடியாது, இங்கே வேலை முடியவில்லை என்றேன். உள்ளே அவள் தட்டச்சு செய்யும் சத்தம் விடாமல் கேட்டது. ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது எனக்கு. எழுந்து வாசல்படிவரை போய், அந்த ஃபில்டரையாவது எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"தொடாதே" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "அதை நான் எடுத்துக்கறேன். போய் உக்காரு, குட்டிப்பிசாசே."

போய் உட்கார்ந்தேன். ஐந்து அடிக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.